விடை தெரிந்த பிறகும்

டெஸ்ட் கிரிக்கெட்டில் 20 ஆட்டமாவது ஆடி ஓய்வுபெற்ற மட்டையாளர்களைச் சராசரிப்படி அடுக்கினால் முதலில் வருபவர் டான் பிராட்மன்: 99.94. அதில் யாருக்கும் வழக்கில்லை. அடுத்து வருபவர் ஆடம் வோஜஸ்: 61.87. ஹட்டன், சோபர்ஸ், சச்சின், லாரா எல்லோரும் அவருக்குக் கீழே. மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வோஜஸ், 2015இல் 35 வயதில் டொமினிகாவில் அறிமுகமானார். அந்த ஆட்டத்திலேயே அவுட் ஆகாமல் 130. அந்த டிசம்பரில் அதே மேற்கிந்தியத் தீவுகளோடு ஹோபார்ட்டில் 269, மெல்பர்னில் 106. இரண்டிலும் அவுட் இல்லை. அந்த அணிக்கு எதிராக மட்டும் மொத்தம் 542 ரன்; ஆட்டமிழந்தது ஒரே முறை. ஒன்றரை ஆண்டுக்குள் 20 டெஸ்ட்களோடு அவருடைய கணக்கு முடிந்தது. கௌரவமான ஆட்டக்காரர்தான். ஆனால் பிராட்மனுக்கு அடுத்த நாற்காலி அவருக்கு என்று பெர்த்தில்கூட யாரும் சொல்லமாட்டார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு கணக்கு உண்டு. சச்சின் டெண்டுல்கரின் டெஸ்ட் சராசரி 53.78. அவரோடு பள்ளியில் ஆடிய வினோத் காம்ப்ளியின் சராசரி 54.20. 1993இல் மும்பையில் இங்கிலாந்துக்கு எதிராக 224, அடுத்த டெஸ்டில் டெல்லியில் ஜிம்பாப்வேக்கு எதிராக 227, அதே ஆண்டு இலங்கையில் இரண்டு சதங்கள். 17 டெஸ்ட் ஆடி, 1995இல் 23 வயதில் அந்த வாழ்க்கை முடிந்துபோனது. சச்சின் ஆடியது 200 டெஸ்ட். அப்படியென்றால் நீடித்து ஆடுவதுதான் பெருமையா? அதுவும் சரியாக இல்லை. நூறு டெஸ்டுக்கு மேல் ஆடியும் எந்த விவாதத்திலும் பெயர் எழாதவர்கள் எத்தனையோ பேர்.

காலத்தைக் கடந்து எண்களை ஒப்பிடுவதில் இருக்கும் சிக்கல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 19ஆம் நூற்றாண்டில் ஆடிய ஜார்ஜ் லோமன் 112 விக்கெட்டுகளை 10.75 என்ற சராசரியில் எடுத்தார். போர்ட் எலிசபெத்தில் ஒரு இன்னிங்ஸில் 7 ரன் கொடுத்து 8 விக்கெட். எதிரே நின்ற தென்னாப்பிரிக்கர்கள் அப்போதுதான் டெஸ்ட் ஆடப் பழகிக்கொண்டிருந்தார்கள். இதைச் சரிசெய்ய ஒரு வழி சொல்வார்கள்: ஒருவரை அவர் காலத்தில் ஆடிய மற்றவர்களோடு மட்டும் ஒப்பிட்டு, எவ்வளவு தூரம் முன்னால் நிற்கிறார் என்று பார்ப்பது. பயனுள்ள வழிதான். அதில் பிராட்மன் இன்னும் பிரம்மாண்டமாகத் தெரிவார். ஆனால் அது சொல்வது ஒருவர் எவ்வளவு ஓட்டம் எடுத்தார், எவ்வளவு விக்கெட் எடுத்தார் என்பதைத்தான். எதிரே இருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அது சொல்லாது. என் கண்ணுக்கு விஷயம் அங்கேதான் இருக்கிறது.

திறமையான எந்த ஆட்டக்காரரும் அறிமுகமாகும்போது ஒரு புதிர். எதிரணிகள் உட்கார்ந்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்க்கும். பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டில் விடை கிடைத்துவிடும். விடை கிடைத்த பிறகும் அவர் ஆடினாரா, அந்த விடையைச் செல்லாததாக்கினாரா, எதிரணியை மறுபடி முதலிலிருந்து தொடங்க வைத்தாரா என்பதே நான் கேட்கும் கேள்வி. எல்லாக் காலத்துக்கும் உரிய வீரர் என்று சொல்லத்தக்கவர்கள் இந்த இரண்டாம் கட்டத்தில்தான் தெரிவார்கள்.

புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது மட்டும் போதாது. கூக்ளியைக் கிரிக்கெட்டுக்குத் தந்தவர் இங்கிலாந்தின் பெர்னார்ட் போஸாங்கே. இன்றுவரை லெக் ஸ்பின் வீசும் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். அவர் ஆடியது 7 டெஸ்ட், எடுத்தது 25 விக்கெட். அவருடைய ஆயுதத்தைப் பிறர்தான் அவரைவிட நன்றாகப் பயன்படுத்தினார்கள். நம் காலத்து உதாரணம் அஜந்த மெண்டிஸ். நடுவிரலால் சுண்டிவிடும் அந்த கேரம் பந்தோடு 2008இல் கராச்சியில் ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தில் இந்தியாவுக்கு எதிராக 13 ரன்னுக்கு 6 விக்கெட். அதே மாதம் தொடங்கிய டெஸ்ட் தொடரில் டிராவிட், லக்ஷ்மண், சச்சின் எல்லோரும் ஆடிய அணிக்கு எதிராக மூன்று டெஸ்டில் 26 விக்கெட். சுழலை ஆடிப் பழகியவர்கள் என்று உலகமே சொல்லும் மட்டையாளர்கள் அவர் கையைப் பார்த்து விழித்தார்கள். பிறகு காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். விரல் எங்கே மடங்குகிறது என்று தெரிந்துபோனது. டெஸ்ட் வாழ்க்கையின் முடிவில் மெண்டிஸின் கணக்கு: 19 ஆட்டம், 70 விக்கெட், சராசரி 34.77. ஒருநாள் ஆட்டத்தில் அவர் கடைசிவரை நன்றாகவே வீசினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் டெஸ்டில் ஒரு மட்டையாளருக்கு நாள் முழுக்க நேரம் இருக்கிறது. அங்கே குட்டு வெளிப்பட்டால் ஒளிய இடமில்லை.

பிராட்மனுக்கு விடை தேடிய கதை இதற்கு நேர் எதிர். 1930 இங்கிலாந்துப் பயணத்தில் ஐந்து டெஸ்டில் 974 ரன். லீட்ஸில் 334, அதில் 309 ஒரே நாளில். அடுத்த தொடருக்கு இங்கிலாந்தின் தலைவரான டக்ளஸ் ஜார்டின் யோசித்ததெல்லாம் இந்த ஒரு மனிதரைப் பற்றித்தான். ஹரால்ட் லார்வுட், பில் வோஸ் இருவரையும் உடலை நோக்கி எகிறும் பந்துகளை வீசவைத்து, லெக் பக்கம் ஒரு வளையமாகக் காவலர்களை நிறுத்தினார். தடுத்தால் கேட்ச்; தடுக்காவிட்டால் விலாவில் அடி. 1932-33இல் அடிலெய்டில் ஆஸ்திரேலியத் தலைவர் வுட்ஃபுல்லின் நெஞ்சில் பந்து பட்டது. ஓல்ட்ஃபீல்டின் மண்டை ஓடு விரிசல் கண்டது. இரு நாட்டு வாரியங்களும் தந்தியில் சண்டை போட்டன. ஒரு மட்டையாளரை அடக்க ஒரு நாடு தன் நற்பெயரையே பணயம் வைத்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

திட்டம் பலித்தது என்றே வரலாறு சொல்லும். தொடரை இங்கிலாந்து 4-1 என வென்றது. பிராட்மனின் சராசரி 56.57க்கு இறங்கியது. அவர் லெக் பக்கம் விலகி நின்று, ஆள் இல்லாத ஆஃப் பக்கம் அடித்துப் பார்த்தார். அழகில்லாத, ஆபத்தான வழி. சொந்த அணியிலேயே அதை விரும்பாதவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்தத் தொடரில் ஆஸ்திரேலிய மட்டையாளர்களில் உயர்ந்த சராசரி அதுதான். மற்றவர்களுக்கு வாழ்நாள் சாதனையாக இருக்கும் 56 இவருக்குத் தோல்வி. 1934இல் மீண்டும் லீட்ஸில் 304, ஓவலில் 244. உடலைக் குறிவைக்கும் பந்துவீச்சு தடைசெய்யப்பட்டது. லெக் பக்கத்தில் மட்டையாளருக்குப் பின்புறம் இருவருக்கு மேல் நிற்கக்கூடாது என்று பின்னாளில் வந்த விதியிலும் அந்தத் தொடரின் தழும்பு இருக்கிறது. இதில் பரிதாபம் லார்வுட்தான். 33 விக்கெட் எடுத்துத் தொடரை வென்று கொடுத்தவரை இங்கிலாந்து அதன்பிறகு ஒரு டெஸ்டிலும் ஆடவிடவில்லை.

விதிப்புத்தகத்தை மாற்றவைத்த இன்னொருவர் கண்டிக்காரர். தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து போய் மலையகத்தில் வேரூன்றிய குடும்பத்தில் பிறந்த முத்தையா முரளிதரன். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் பள்ளிப் பையனாக இருந்தபோது மிதவேகம் வீசிக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ சொல்லித்தான் சுழலுக்கு மாறினார். அவருடைய முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாதது. மணிக்கட்டோ எந்தப் பக்கமும் சுழலக்கூடியது. ஆஃப் ஸ்பின்னர்கள் விரலால் சுழற்றுவார்கள்; இவர் மணிக்கட்டால் சுழற்றினார். ஆகவே பந்து மற்ற எவருக்கும் திரும்பாத அளவுக்குத் திரும்பியது. 1992இல் அவர் வந்தபோது இலங்கை டெஸ்ட் ஆடத் தொடங்கிப் பத்தாண்டு ஆகியிருந்தது. அதுவரை வென்றது இரண்டே டெஸ்ட்.

1995 டிசம்பர் 26, மெல்பர்ன். நடுவர் டாரல் ஹேர் பந்துவீசும் முனையில் நின்றபடியே மூன்று ஓவர்களில் ஏழு முறை நோ-பால் என்று கை நீட்டினார். எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. தலைவர் அர்ஜுன ரணதுங்க முரளியை மறுமுனைக்கு மாற்றினார். அங்கே நின்ற ஸ்டீவ் டன் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே கை, ஒரே நாள், இரண்டு தீர்ப்பு. பத்து நாள் கழித்துப் பிரிஸ்பேனில் ராஸ் எமர்சன் மறுபடி நோ-பால் சொன்னார். லெக் பிரேக் வீசிப் பார்த்தும் விடவில்லை. பெர்த்திலும் ஹாங்காங்கிலும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் முரளியின் கையைப் படம்பிடித்து அளந்தார்கள். கை நீள்வது போலத் தெரிவது ஒரு கண் மயக்கம் என்று முடிவு வந்தது.

1998 ஆகஸ்டில் ஓவலில் ஆடியதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கவேண்டும். இங்கிலாந்து இலங்கைக்குக் கொடுத்தது ஒரே ஒரு டெஸ்ட். டாஸ் வென்ற ரணதுங்க, காய்ந்த ஆடுகளத்தில் இங்கிலாந்தை முதலில் ஆடச் சொன்னார். பைத்தியக்காரத்தனம் என்றார்கள். முரளிக்கு இரண்டு இன்னிங்ஸுக்கும் இடையில் ஓய்வு வேண்டும் என்பதே பின்னால் தெரியவந்த காரணம். இங்கிலாந்து 445 எடுத்தது. முரளிக்கு 7 விக்கெட், 155 ரன். இலங்கை 591, ஜயசூரிய மட்டும் 213. அடுத்து முரளி வீசியது 54.2 ஓவர், 27 மெய்டன், 65 ரன், 9 விக்கெட். மிச்சமிருந்த ஒருவர் அலெக் ஸ்டூவர்ட் ரன் அவுட். அதனால்தான் பத்து கிடைக்கவில்லை. மொத்தம் 113.5 ஓவர், 16 விக்கெட். அந்த இங்கிலாந்து அணியில் சுழலுக்கு எதிராக முன்காலை நீட்டி, மட்டையைக் காலுக்குப் பின்னால் ஒளித்துத் தடுக்கும் பழைய முறையில் கைதேர்ந்தவர்கள் இருந்தார்கள். அதைத்தான் அவர்கள் நாள் முழுக்கச் செய்தார்கள். 27 மெய்டன்களுக்கு அதுவே காரணம். தடுத்துக்கொண்டே இருந்தால் ரன் வராது, ஆனால் ஒன்று என்றாவது கூடுதலாகத் திரும்பும். அதற்குக் காத்திருக்கும் பொறுமை முரளிக்கு ஏராளம். இலங்கை பத்து விக்கெட்டில் வென்றது.

1999 ஜனவரியில் அடிலெய்டில் எமர்சன் மீண்டும் நோ-பால் சொல்ல, ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரை அழைத்துப்போய் நின்றார். அதற்குப் பிறகு தூஸ்ரா வந்தது. ஆஃப் ஸ்பின் போடும் அதே கையிலிருந்து எதிர்த்திசையில் திரும்பும் பந்து. உள்ளே வரும் என்று மட்டும் கணக்குப் போட்டு ஆடியவர்களின் விடைத்தாள் அன்றோடு காலாவதி. 2004இல் ஆட்ட நடுவர் கிறிஸ் பிராட் அதைப் பற்றிப் புகார் கொடுத்தார். ஆஸ்திரேலியப் பிரதமரே எறிகிறவர் என்று பேசினார்; முரளி அந்த ஆண்டு ஆஸ்திரேலியப் பயணத்துக்குப் போகவில்லை. இரும்புத் தண்டு வைத்த பட்டையைக் கையில் மாட்டி, முழங்கையை மடக்கவோ நீட்டவோ முடியாதபடி செய்துகொண்டு, கேமராவுக்கு முன்னால் தன் எல்லாப் பந்துகளையும் வீசிக் காட்டினார். வேகப்பந்து வீச்சாளர்களின் கையையும் அளந்தபோதுதான் வேடிக்கை. அப்பழுக்கற்றவர்கள் என்று கருதப்பட்டவர்களும் சில பாகை நீட்டித்தான் வீசுகிறார்கள் என்று தெரிந்தது. 2005இலிருந்து எல்லோருக்கும் 15 பாகை என்று விதி வந்தது.

முரளிக்காக விதியை வளைத்தார்கள் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். விதி வளைந்ததற்கு அவர் நிமித்தம் என்பது உண்மை. ஆனால் பழைய விதியை அப்படியே வைத்திருந்தால் மற்றவர்களிலும் பலர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அவருக்கு எதிரான வலுவான வாதம் வேறு இடத்தில் இருக்கிறது. 800 விக்கெட்டில் 176, ஜிம்பாப்வேயிடமும் வங்கதேசத்திடமும் எடுத்தவை. அவற்றைக் கழித்தாலும் 108 டெஸ்டில் 624 நிற்கும் என்பது பதில். ஆஸ்திரேலிய மண்ணில் ஐந்து டெஸ்டில் 12 விக்கெட்தான், சராசரி 75.41. இந்திய மண்ணில் 45.45. இதற்குப் பதிலில்லை. ஷேன் வார்னுக்கும் இந்தியாவில் 43.11தான். சுழலைக் காலால் ஆடும் ஊரில் இருவருக்கும் பாச்சா பலிக்கவில்லை. 2001இல் இலங்கையிலேயே பிரையன் லாரா மூன்று டெஸ்டில் 688 ரன் எடுத்து முரளிக்கு விடை சொன்னார். மற்றவர்களால் அந்த விடையைப் பார்த்து எழுத முடியவில்லை. தொடர் 3-0 என்று இலங்கைக்கே போனது.

முரளி ஆடி அவர் அணி வென்ற 54 டெஸ்ட்களில் அவர் எடுத்தது 438 விக்கெட். காலேயில் 2010 ஜூலையில் இன்னும் எட்டு விக்கெட் தேவை என்ற நிலையில் இதுதான் கடைசி ஆட்டம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு இறங்கினார். பிரக்யான் ஓஜா ஸ்லிப்பில் நின்ற மஹேலவிடம் கேட்ச் கொடுத்தபோது அது அவருடைய 800வது விக்கெட், டெஸ்ட் வாழ்க்கையின் கடைசிப் பந்தும் அதுவே. 18 ஆண்டு, நடுவர்கள், ஆய்வுக்கூடங்கள், ஒரு பிரதமர், உலகத்தின் எல்லா மட்டையாளர்கள். இத்தனை பேர் உட்கார்ந்து யோசித்த பிறகு வந்த எண் அது.

சச்சினை இந்த அளவுகோலில் வைக்க 2004 ஜனவரியின் சிட்னி ஆட்டமே போதும். அந்தத் தொடரில் அதற்குமுன் அவர் எடுத்தவை 0, 1, 37, 0, 44. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வைத்தால் துரத்துவார் என்று ஆஸ்திரேலியர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். சிட்னியில் அவர் கவர் டிரைவையே விட்டுவிட்டார். உலகிலேயே அழகான அடிகளில் ஒன்று அது. பந்து பந்தாக வெளியே போட்டுக் காட்டினார்கள். மட்டையைத் தூக்கி விட்டுவிட்டு, காலுக்கு வரும் வரை நின்றார். 436 பந்து, பத்து மணி நேரத்துக்கு மேல், 241 ரன், அவுட் இல்லை. ரன்னில் பெரும்பகுதி லெக் பக்கம். கண்ணுக்குக் குளிர்ச்சியான இன்னிங்ஸ் என்று சொல்லமுடியாது. பார்க்கவே கொஞ்சம் அலுப்பு. தன்னிடமிருந்த நல்லதொன்றைத் தானே எடுத்து ஒளித்துவைக்கும் அந்தப் பிடிவாதம் காம்ப்ளிக்கு வாய்க்கவில்லை, அல்லது அதற்கான அவகாசத்தை அவருக்கு யாரும் தரவில்லை.

இந்த அளவுகோலில் ஒரு சங்கடம் உண்டு: ஜாக் காலிஸ். 13,289 ரன், 55.37 சராசரி, 292 விக்கெட், 200 கேட்ச். அவருக்காக எந்த நாடும் தனித் திட்டம் போட்டதாகவோ, எந்த விதியும் மாறியதாகவோ தெரியவில்லை. அவரிடம் புதிர் என்று ஒன்றே இல்லை. எல்லாம் வெட்டவெளிச்சம், பாடப்புத்தகத்தில் உள்ளபடி. ஆனால் 18 ஆண்டு யாராலும் விடை சொல்லவும் முடியவில்லை. சோபர்ஸுக்குக் கொடுக்கும் இடத்தை மனம் காலிஸுக்குக் கொடுக்கத் தயங்குகிறது. அந்தத் தயக்கத்துக்குக் காரணம் அவர் ஆட்டத்தில் இல்லை, பார்க்கிற நம்மிடம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இதைவிடப் பெரிய குறை வேறொன்று. விடை தேட எதிரணி கிடைத்தவர்களைத்தான் இப்படி அளக்கமுடியும். தென்னாப்பிரிக்காவின் பேரி ரிச்சர்ட்ஸ் ஆடியது நான்கு டெஸ்ட், சராசரி 72.57. நிறவெறி அரசால் அவர் நாடு 1970இல் விலக்கப்பட்டதும் எல்லாம் முடிந்தது. அவரையாவது நான்கு டெஸ்டில் பார்த்தோம். அதே நாட்டில் அப்போது கறுப்பினத்தவர் அணித்தேர்வுக்கே வரமுடியாது. இந்தியாவில் பால்வாங்கர் பாலூ, புணேயில் ஐரோப்பியர் கிளப்பில் ஆடுகளம் பராமரிக்கும் வேலையிலிருந்து, வலையில் ஆங்கிலேயருக்குப் பந்து வீசியே இடக்கைச் சுழலைக் கற்றவர். தலித் என்பதால், சேர்த்துக்கொண்ட இந்து அணியே அவருக்குக் கூடாரத்துக்கு வெளியே மண் குவளையில் தேநீர் கொடுத்தது. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கும் மேல் விக்கெட் எடுத்தார். இந்தியா முதல் டெஸ்ட் ஆடிய 1932இல் அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. தமிழ்க் குடும்பத்துப் பெண்ணான மிதாலி ராஜ், 2002இல் 19 வயதில் டான்டனில் 214 எடுத்தார். இருபதாண்டு ஆடியவருக்குக் கிடைத்தது மொத்தமே 12 டெஸ்ட். 2006க்கும் 2014க்கும் இடையில் இந்தியப் பெண்கள் அணி ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. ஒருநாள் ஆட்டத்தில் 7,805 ரன் எடுத்தவர் என்பதால் மிதாலியின் பெயராவது நிலைத்தது.

இப்போது விடை கண்டுபிடிக்க ஓராண்டு தேவையில்லை. ஒவ்வொரு பந்தும் எங்கே விழுந்தது, கை எந்தக் கோணத்தில் இருந்தது என்று மறுநாளே பகுப்பாய்வாளர் மேசையில் இருக்கும். எனவே இன்று ஆடுபவர்களுக்கு இந்தப் பரீட்சை முன்பைவிடக் கடினம் என்பது என் எண்ணம். 2024 டிசம்பர் 26 அன்று மெல்பர்னில் அறிமுகமான 19 வயது சாம் கான்ஸ்டாஸ், ஜஸ்பிரீத் பும்ராவின் பந்தைத் திரும்பி நின்று தலைக்குப் பின்னால் தூக்கி சிக்ஸ் அடித்தார். அதற்குமுன் தொடர்ந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட டெஸ்ட் பந்துகளில் ஒரு சிக்ஸ்கூடக் கொடுக்காதவர் பும்ரா. அன்று ஒரு விடை கிடைத்துவிட்டது என்று எல்லோரும் பேசினார்கள். பையன் 65 பந்தில் 60 எடுத்துவிட்டுப் போனான். இரண்டாவது இன்னிங்ஸில் 8 ரன்னில் இருந்தபோது பும்ராவின் உள்ளே வந்த பந்து அவருடைய ஸ்டம்பைச் சாய்த்தது. அதே இன்னிங்ஸில் டிராவிஸ் ஹெட்டை எடுத்தபோது பும்ராவுக்கு 200 விக்கெட். இருபதுக்குக் கீழான சராசரியில் அந்த எண்ணை எட்டியவர் அவருக்கு முன் யாருமில்லை. ஆட்டத்தை வென்றது ஆஸ்திரேலியாதான், 184 ரன் வித்தியாசத்தில்.